மூன்றாண்டுக் குத்தகையும் ஒரு வேர்க்கொத்தும்

அஸ்பாரகஸ் என்னும் செடியை வீட்டுத் தோட்டத்தில் ஊன்றுபவருக்கு முதலில் சொல்லப்படும் விதி, செய்யத் தக்கது பற்றியதன்று. செய்யத் தகாதது பற்றியது. முளைத்து வரும் தண்டை வெட்டாதே என்பதே அவ்விதி. உண்பதற்காகவே வளர்க்கப்படும் ஒரு செடியை உண்ணாதே என்று தொடங்கும் வேளாண்மை உலகில் அரிது.

நடவுக்கு வருவது விதையன்று. ஓராண்டு வளர்ந்த செடியின் தழை அடங்கியபின் மண்ணிலிருந்து பெயர்த்தெடுத்த வேர்க்கொத்து. நடுவே மொட்டுகள் செறிந்த ஒரு கட்டி. அதனைச் சுற்றிச் சாட்டைகளைப் போலத் தொங்கும் சதைப்பற்றான வேர்கள். ஓர் அடிக்குச் சற்றுக் குறைந்த ஆழத்தில் நீளக் குழி வெட்டி, அதன் நடுவில் மண்ணை மேடாகக் குவித்து, மேட்டின் இருபுறமும் வேர்கள் தாழுமாறு கொத்தை அமர்த்தி, மூன்று விரற்கடை மண்ணை மட்டும் மேலே இடுவர். முளை எழ எழக் குழியைச் சிறிது சிறிதாக நிரப்புவர். சில வாரங்களில் பென்சிலினும் மெலிந்த தண்டுகள் தலைகாட்டுகின்றன. சந்தையில் ரப்பர் வளையமிட்டு விற்கப்படும் தண்டுகளின் சிறு பதிப்புகளே அவை. நுனி குவிந்து, இளமையாய், ஒடித்தால் ஒடியும் பக்குவத்தில் நிற்கின்றன. அன்று கை நீளாமல் இருப்பது எளிதன்று.

கை ஏன் நீளக் கூடாது? வெட்டப்படும் தண்டு அன்றைய வெயிலில் உண்டானதன்று. முன்பிருந்த தழை ஒளியைக் கொண்டு ஆக்கி, வேருக்கு அனுப்பிச் சேமித்து வைத்த சர்க்கரைச் சத்தே தண்டாக மேலெழுகிறது. தண்டை விட்டுவைத்தால் அது நெடிதுயர்ந்து, கிளைத்து, மயிலிறகின் மென்மையுடைய பசுந்தழையாக விரிந்து, தான் வாங்கிய கடனை வட்டியோடு வேருக்குத் திருப்பிச் செலுத்துகிறது. வெட்டிவிட்டாலோ செலவு மட்டும் நிற்கிறது, வரவு இல்லை. புதிதாக ஊன்றிய வேர்க்கொத்துக்குக் கையிருப்பு மிகக் குறைவு. ஆதலின் குளிர் நாடுகளில் முதலாண்டு ஒரு தண்டும் வெட்டுவதில்லை. இரண்டாம் ஆண்டு வெட்டினும் பெயரளவுக்கே. மூன்றாம் ஆண்டிலிருந்துதான் அறுவடை என்று சொல்லத்தக்கது நிகழும். அவ்வாறு காத்த பாத்தி பதினைந்து, இருபது ஆண்டுகள் பலன் தருவதுண்டு.

இந்தக் கணக்கு பழையது. உரோமானியராகிய கேட்டோ, கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய வேளாண்மைக் கையேட்டின் இறுதிப் பகுதியில் அஸ்பாரகஸ் வளர்க்கும் முறையை விரிவாகச் சொல்கிறார். செலவைக் குறைத்து வருவாயைப் பெருக்குவதிலேயே கண்ணாயிருந்த அந்தக் கறாரான மனிதரும், இச்செடிக்கு வந்தபோது நாட்களை விடுத்து ஆண்டுகளால் எண்ணத் தொடங்கிவிடுகிறார். செருமானியர் இன்றும் ஜூன் 24-ஆம் நாளாகிய புனித யோவான் திருநாளோடு அறுவடையை நிறுத்தும் மரபுடையவர். அதன்பின் முளைப்பது செடிக்கு உரியது. அடுத்த ஆண்டுக்கு வேரை நிரப்ப விடப்படுவது. ஒரு சமுதாயம் தன் நாவின் விருப்பத்துக்குத் தானே ஒரு நாளைக் குறித்து வேலி கட்டிக்கொண்டது என்றால், தனிமனிதரின் மனவுறுதியை அது அதிகம் நம்பவில்லை என்றே பொருள். அதுவும் ஓர் அறிவுடைமைதான்.

தோட்டக்கலை நூல்கள் இந்தக் காத்திருப்புக்குப் பொறுமை என்று பெயரிட்டுப் புகழ்கின்றன. அத்துணைப் பெரிய சொல் இதற்குத் தேவையா என்று ஐயுறலாம். இன்று உண்ணாமல் விட்டால் நாளை மிகுதியாக உண்ணலாம் என்று காத்திருப்பவர் செய்வது கணக்கு, நல்ல கணக்கு, ஆயினும் கணக்கே. வங்கியில் நெடுங்கால வைப்பில் பணம் போடுபவரை எவரும் அறவோர் என்று அழைப்பதில்லை. ஊன்றுபவரும் வெட்டுபவரும் ஒருவராகவே இருக்கும் வரையில் இங்கே அறக்கேள்வி எழவே இல்லை. அவர்கள் இருவராகும்போதுதான் அது எழுகிறது.

சிங்கப்பூரில் அவர்கள் பெரும்பாலும் இருவராகவே இருக்கின்றனர்.

இந்நகரில் நிலம் ஏறக்குறைய யாருக்கும் முழு உரிமையாக இல்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகள் 99 ஆண்டுக் குத்தகையில் விற்கப்படுபவை. கேலாங் லோரோங் 3-இல் இருந்த 191 தரைவீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை 2020-ஆம் ஆண்டின் கடைசி நாளோடு முடிந்தது. வீடுகள் இழப்பீடின்றி அரசின் கைக்குத் திரும்பின. சுவா சூ காங் இடுகாட்டில் அடக்கம் செய்யப்படுவோர்க்கும் 1998 முதல் பதினைந்து ஆண்டே வரையறை. அதற்குமேல் இறந்தோரும் இடம்பெயர வேண்டும். தோட்டம் என்னும் ஆசைக்கு மட்டும் விலக்கு எங்கிருந்து வரும்? தேசியப் பூங்காக் கழகம் 2016-இல் தொடங்கிய பாத்திக் குத்தகைத் திட்டத்தில், இரண்டரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள உயர்த்திய பாத்தி ஒன்று ஒருவருக்குக் கிடைக்கிறது. காலம் மூன்றாண்டு. அதன்பின் அப்பாத்தி வேறொருவர் கைக்குப் போகலாம்.

மூன்றாண்டு! அஸ்பாரகஸ் தன் முதல் முழு அறுவடைக்குக் கேட்பதும் குளிர் நாட்டில் அதே மூன்றாண்டுதான். ஊன்றியவர் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாளும், வேர் நிறைந்து நிற்கும் நாளும் ஒன்றாக வந்து சேர்கின்றன.

ஆனால் சிங்கப்பூர் குளிர் நாடன்று என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே, ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழியும் இம்மண்ணில், தழையை வாட்டி வேரை உறங்கச் செய்யும் பனிக்காலம் இல்லை. உறக்கத்துக்கு மாற்றாக அமையத்தக்க நெடிய வறட்சியும் இல்லை. செடி ஆண்டு முழுவதும் முளைத்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே தைவானிலும் தாய்லாந்திலும் உழவர் வேறொரு முறையைக் கைக்கொண்டனர். ஒவ்வொரு செடியிலும் சில தண்டுகளைத் தாய்த்தண்டுகளாக நிறுத்தி வளரவிடுவர். அவை வெயிலில் உழைத்து வேரை ஊட்டிக்கொண்டிருக்க, புதிதாக எழும் தண்டுகளை மட்டும் வெட்டுவர். சில மாதங்களுக்குப் பின் வெட்டுவதை நிறுத்திப் புதிய தாய்த்தண்டுகளை எழவிட்டு, முதிர்ந்தவற்றைக் களைவர். இம்முறையால் வெப்ப நாட்டில் ஓராண்டுக்குள்ளேயே கூட வெட்டத் தொடங்கலாம். பாத்தியின் ஆயுள் குளிர் நாட்டில் இருப்பதைவிடக் குறைவுதான். அளவறிந்து வெட்டினால் சில ஆண்டுகள் நீளும், அளவிறந்து வெட்டினால் விரைவில் ஓயும்.

இங்கேதான் கேள்வி கூர்மை பெறுகிறது. குளிர் நாட்டில் போதும் என்று சொல்லப் பனிக்காலம் இருக்கிறது. இங்கே அதைச் சொல்ல யாரும் இல்லை. செடி கொடுத்துக்கொண்டே இருக்கிறது, கொடுத்துக்கொண்டே மெலிகிறது. மெலிவு மண்ணுக்கடியில் நிகழ்வதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. தண்டு ஆண்டுக்கு ஆண்டு சிறுத்து வருவதைக் கண்டபின்பே தெரியவரும். அதற்குள் குத்தகை முடிந்துவிடும். தாய்த்தண்டுகளையும் சேர்த்து வெட்டி உண்டு, வெறும் வேரை விட்டுச் செல்பவரை எந்தச் சட்டமும் கேட்காது. தாய்த்தண்டுகளை நிறுத்திவிட்டுச் செல்பவருக்கு எவரும் நன்றி சொல்லப் போவதுமில்லை. அடுத்து வருபவர் யாரென்றே அவருக்குத் தெரியாது.

அவர் ஏன் நிறுத்த வேண்டும்?

நிறுத்தத் தேவையில்லை என்னும் பக்கத்தின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. குத்தகை நிலத்தில் கீரையை விதைப்பதே அறிவுடைமை என்று அப்பக்கத்தார் சொல்வர். தண்டுக்கீரையும் முளைக்கீரையும் மூன்று நான்கு வாரங்களில் கைக்கு வரும், விதைத்தவரே உண்பார், யார் யாருக்கும் கடன்படுவதில்லை. நாளைய நிலம் தனதில்லை என்றறிந்த உழவன் அதில் தழையுரம் இட மாட்டான் என்பது தஞ்சைத் தரணியின் பழைய அனுபவம். அது அவனது பேராசையன்று, அச்சம். குத்தகை உழவரை நினைத்தபோது வெளியேற்றுவதைத் தடுக்க 1955-இல் சென்னை மாநிலத்தில் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. நிலைத்த உரிமையைத் தராமல் நிலைத்த அக்கறையை மட்டும் கேட்பது, கேட்பவரின் வசதிக்கான அறமாகிவிடும். வாடகை அறையில் எண்மரோடு படுத்துறங்கி, இரண்டாண்டு வேலை அனுமதியோடு வந்து செல்லும் கட்டுமானத் தொழிலாளியிடம் போய், நெடுங்கால நோக்கோடு செடி நடு என்று சொல்பவரின் அறிவுரையில் ஏதோ ஒன்று குறைகிறது. கீரை விதைப்பவர் தாழ்ந்தவரல்லர். பசிக்குக் காலக்கெடு உண்டு.

ஆயினும் இங்கே கேட்கப்படுவது கீரையா அஸ்பாரகஸா என்பதன்று. வேர்க்கொத்தை ஊன்றும் முடிவை ஒருவர் எடுத்துவிட்டார், ஊன்றியும் விட்டார். அதன்பின் அவருக்கும் அந்த வேருக்கும் இடையே ஏதேனும் கடப்பாடு உண்டாகிறதா, அந்தக் கடப்பாடு குத்தகையோடு முடிகிறதா என்பதே கேள்வி.

இதே இனத்தில் தமிழர் நெடுங்காலமாக அறிந்த செடி ஒன்று உண்டு. சிராங்கூன் சாலையைச் சுற்றியுள்ள நாட்டு மருந்துக் கடைகளில் காய்ந்த வேராகக் கேட்கப்படும் தண்ணீர்விட்டான் கிழங்கு, தேக்காச் சந்தையில் கட்டாக விற்கப்படும் அஸ்பாரகஸ் தண்டுக்கு நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே பேரினம். ஒன்று முள்ளுடைய காட்டுக்கொடி. மற்றது முள்ளில்லாத பாத்திப் பயிர். பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கத் தருவது ஒன்று. விருந்து மேசைக்கு வெண்ணெயோடு வருவது மற்றது. வேர்க்கொத்தின் அமைப்போ இரண்டிலும் ஒன்றே. சதாவரி என்னும் வடமொழிப் பெயருக்கு நூறு வேருடையது என்று பொருள் கூறுவர்.

வேறுபாடு எடுக்கும் முறையில் இருக்கிறது. அஸ்பாரகஸில் மேலே எழுவதை எடுத்துக்கொண்டு வேரை விட்டுவைக்கிறார்கள். தண்ணீர்விட்டானில் எடுப்பதே வேரைத்தான். தோண்டுபவர் முன்னே இரண்டு வழிகள் உள்ளன. கொடியை முழுவதுமாகப் பிடுங்கிக் கிழங்குகளை அறுத்துக்கொண்டு எஞ்சியதை எறிந்துவிடலாம். அல்லது பருத்த கிழங்குகளை எடுத்துக்கொண்டு, மொட்டுகளுள்ள நடுக்கட்டியைச் சில வேர்களோடு அதே குழியில் திரும்ப வைத்து மண்ணைத் தள்ளி மூடலாம். பின்னது சற்று நேரமே கூடுதலாகப் பிடிக்கும் வேலை. முன்னதே மிகுந்ததால் இந்தியக் காடுகள் பலவற்றில் இக்கொடி அருகிவிட்டது. காடு தோண்டுபவருக்குச் சொந்தமன்று. அவர் மீண்டும் அவ்வழி வருவார் என்பதும் உறுதியன்று. அந்தச் சிறு வேலையைச் செய்துவிட்டுப் போனவர் யாருக்காகச் செய்தார்?

பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்ன புறநானூற்று அறிவுரையைத் தமிழ் ஆசிரியர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். விளைநெல்லை அறுத்து அளவாகக் கவளமிட்டால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானையே வயலில் புகுந்தால் அது தின்பதைவிட மிதிப்பது மிகுதி என்பது அதன் கருத்து. வரி தண்டும் அரசனுக்கு உரைத்ததாயினும், அரசன் தன் நாட்டில் தொடர்ந்து ஆளப்போகிறவன். அவனிடம், உன் வருவாய்க்கே கேடு என்று சொல்லி நிறுத்த முடிந்தது. மூன்றாண்டில் வெளியேறுபவரிடம் அவ்வாறு சொல்ல முடியாது. அவர் யானையாக நடந்துகொண்டாலும் அவருக்கு இழப்பில்லை. ஆகவே அவரை நிறுத்தக்கூடிய காரணம் அவருடைய நலனுக்கு வெளியே இருந்துதான் வர வேண்டும்.

அந்தக் காரணம் எங்கிருந்து வரும் என்பதற்கு இந்நகரிலேயே ஒரு சான்று உண்டு. 1949-இல் சிங்கப்பூரில் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் இந்திய ஆய்வுத் துறை அமைந்தது. அங்குத் தமிழ் இடம்பெற வேண்டும் என்று கோ. சாரங்கபாணி தமது ‘தமிழ் முரசு’ நாளிதழின் வழியே போராடினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் நிதியும் திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்பது அழைப்பு. அக்காலக் கூலித் தொழிலாளிக்கு ஒரு வெள்ளி சிறு தொகையன்று. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக வாயிலை மிதிக்கும் வாய்ப்பில்லாதவர்கள். தம் பிள்ளைகள் மிதிப்பார்கள் என்ற உறுதியும் இல்லாதவர்கள். ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்ற எண்ணத்தோடே பலர் அன்று வாழ்ந்தனர். அவர்களுக்கு இந்த மண் குத்தகையினும் குறைவான உறவு.

அதன்பின் நிகழ்ந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அத்துறை சிங்கப்பூரில் நிலைக்கவில்லை, கோலாலம்பூருக்குப் பெயர்ந்தது. சிங்கப்பூர்த் தொழிலாளி கொடுத்த வெள்ளியின் விளைச்சலை நீரிணைக்கு அப்பால் இருந்தவர்கள் பெற்றனர், இன்றும் பெறுகின்றனர். வெள்ளி கொடுத்தவர் ஏமாந்தார் என்று சொல்லலாமா? அவர் தமக்கென்று எதையும் எதிர்பார்த்துக் கொடுத்திருந்தால் சொல்லலாம். அவர் கொடுத்தது தமிழுக்கு. தமிழ் எங்கே முளைத்தது என்பது அவருடைய கணக்கில் இரண்டாவது செய்தி. சிங்கப்பூரிலோ கடைசித் தமிழ்ப் பள்ளியாகிய உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி மாணவர் குறைந்து 1982-இல் மூடப்பட்டது. மறு ஆண்டே அதே பெயரில் தமிழ் மொழி நிலையம் ஒன்று எழுந்தது. மேலே தழை வெட்டுண்டபோதும் கீழே ஏதோ எஞ்சியிருந்தது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

ஆயினும் தோட்டக்காரருக்கும் அந்தத் தொழிலாளிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தொழிலாளி கொடுத்த வெள்ளி எதற்கு என்பது நாளிதழில் அச்சாகி ஊரறிந்த செய்தியாயிற்று. வேர்க்கொத்தோ மண்ணுக்கடியில் கிடக்கிறது. அடுத்து வரும் குத்தகைக்காரர் காண்பது இடுப்புயரத்துக்குத் தழைத்த, பயனறியாத ஒரு புதர். பூங்கொத்துகளில் பின்னணியாகச் செருகும் அலங்காரத் தழை என்று அவர் கருதலாம். களை என்று கருதி மண்வெட்டியை ஓங்கலாம். மூன்றாண்டு அடக்கம் ஒரு காலைப்பொழுதில் வெட்டுண்டு போகும். அவர்மேல் குற்றமில்லை. அவருக்குச் சொல்லப்படவில்லை.

வெட்டாமல் விட்டுச் சென்றவர் தம் கடமை அங்கேயே முடிந்ததென்று எண்ணினால் அது பாதிக் கடமையே. தியாகம் செய்தேன் என்ற நிறைவு அவருக்குக் கிடைத்துவிடுகிறது. வேருக்கோ வருபவருக்கோ எதுவும் கிடைப்பதில்லை. பேசாத நன்மை உயர்ந்தது என்று ஒரு கருத்து நம்மவரிடையே உண்டு. கைம்மாறு கருதாத கொடைக்கு அது பொருந்தும். காப்பாற்றப்பட வேண்டிய பொருளைக் கைமாற்றும் இடத்தில் அது பொருந்தாது. வாய்திறந்து சொல்லாமல் விட்டுச் செல்லும் செல்வம், புதையலைப் போலத் தோண்டுபவரின் தற்செயலுக்கு விடப்பட்டதாகும்.

சிராங்கூன் சாலைப் பகுதியே இதற்குச் சான்று பகரும். தேக்கா என்னும் பெயர், சிறு மூங்கில்களின் அடி என்று பொருள்படும் ஹொக்கியன் சொற்களின் திரிபு. கண்டாங் கெர்பாவ் என்பது மலாய் மொழியில் எருமைத் தொழுவம். பழந்தமிழர் அப்பகுதியைச் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தது அங்கிருந்த சுண்ணாம்புக் காளவாய்களால். மூங்கிலும் இல்லை, எருமையும் இல்லை, காளவாயும் இல்லை. யாரோ ஒருவர் அடுத்தவரிடம் சொன்னதால் பெயர்கள் மட்டும் நிற்கின்றன. சொல்லப்படாதவை எத்தனை போயினவோ, அவற்றுக்குக் கணக்கில்லை. பழைய கம்பங்களில் கறிவேப்பிலையும் முருங்கையும் நட்டு வளர்த்தவர்கள், வீடு இடிபடும் நாளில் ஒரு போத்தையோ கன்றையோ அடுக்குமாடிக்கு எடுத்துச் சென்றார்கள் என்றால், அது அந்தச் செடி இன்னதென்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்ததால்தான்.

ஆகவே மூன்றாண்டுக் குத்தகையில் அஸ்பாரகஸ் ஊன்றியவருக்குக் கடைசி வாரத்தில் சில வேலைகள் எஞ்சியிருக்கின்றன. தாய்த்தண்டுகளுக்கு ஊன்றுகோல் கட்டி, காற்றுக்குச் சாயாமல் நிறுத்த வேண்டும். செடிகளில் ஆண் பெண் என இரண்டு வகை உண்டு. பெண் செடியில் சிவந்த பழங்கள் காய்த்திருந்தால் அவற்றைக் கிள்ளிவிட வேண்டும், விதைக்குச் செல்லும் சத்து வேருக்குத் திரும்பட்டும் என்று. மக்கிய உரத்தை மேலே பரப்ப வேண்டும். பாத்தியின் மூலையில் ஒரு குச்சியை நட்டு, அதில் செடியின் பெயரையும், ஊன்றிய ஆண்டையும், எத்தனை தண்டை விட்டு எத்தனை தண்டை வெட்டலாம் என்பதையும், மழையில் கரையாத மையால், வருபவர் எம்மொழியினராயினும் படிக்கத்தக்க வகையில் எழுத வேண்டும்.